சொல்லும் நீதியும்: இக்பால் அஹ்மதின் கொலராடோ உரையை மீள வாசித்தல்

போர், தீவிரவாதம், சர்வதேசப் பாதுகாப்பு ஆகியன குறித்துப் பல்கலைக்கழக மண்டபங்களில் நிகழ்த்தப்படும் பேருரைகள் கடந்த முப்பது ஆண்டுகளில் தமக்கெனத் தனி இலக்கணம் கொண்ட ஓர் எழுத்துவகையாகவே உருப்பெற்றுவிட்டன. உரையாளர் ஒரு சொல்லைச் சபையின் முன் வைக்கிறார். அச்சொல் நூலாகிறது; நூல் கொள்கையாகிறது; கொள்கை சட்டமாகி எங்கோ ஒரு சிறைக்கதவாக வந்து சேர்கிறது. சாமுவேல் ஹண்டிங்டன் 1992இல் வாஷிங்டனின் ஆய்வு நிறுவனமொன்றில் உரையாக நிகழ்த்தி, 1993இல் கட்டுரையாகவும் 1996இல் நூலாகவும் விரித்த ‘நாகரிகங்களின் மோதல்’ என்ற கருத்தாக்கம் இதற்கு நன்கறியப்பட்ட சான்று. 2006 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் போப் பதினாறாம் பெனடிக்ட் நிகழ்த்திய உரை மற்றொரு சான்று. பகுத்தறிவுக்கும் இறைநம்பிக்கைக்குமான உறவை ஆராய வந்த அவ்வுரை, பைசாந்தியப் பேரரசர் ஒருவர் இஸ்லாத்தைக் குறித்துச் சொன்ன கடுமொழியை வழியில் எடுத்தாண்டது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கடுமொழியைத்தான். அடுத்த மாதமே 38 முஸ்லிம் அறிஞர்கள் அதற்குத் திறந்த மடல் எழுதினர். 2007 அக்டோபரில் 138 அறிஞர்கள் ‘பொதுவான ஒரு சொல்’ என்னும் ஆவணத்தை வெளியிட்டனர்.

இவ்விரு உரைகளும் நம் இதழ்களில் போதிய அளவு விவாதிக்கப்பட்டவை. எதிர்த்தரப்பாரின் உரைகளை அலசுவதில் நமக்குப் பயிற்சி உண்டு. நமக்கு உவப்பான உரைகளை அதே கண்டிப்புடன் வாசிக்கும் பழக்கம்தான் குறைவு. ஆகவே இக்கட்டுரை நம்மவர் ஒருவரின் உரையை எடுத்துக்கொள்கிறது. 1998 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில், இக்பால் அஹ்மத் நிகழ்த்திய ‘பயங்கரவாதம்: அவர்களுடையதும் நம்முடையதும்’ என்ற உரையே அது. டேவிட் பர்சாமியானின் மாற்று வானொலி வழியாகப் பரவிய அவ்வுரை, செப்டம்பர் 11 தாக்குதல்கள் நிகழ்ந்த 2001இல் சிறுநூலாக வெளிவந்தது. அதைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை. 1999 மே 11 அன்று இஸ்லாமாபாதில் அவர் மறைந்திருந்தார்.

உரையாளரின் தகுதி

இக்பால் அஹ்மத் பீகாரின் இர்க்கி என்னும் சிற்றூரில் பிறந்தவர். நிலத் தகராறில் தந்தை கொலையுண்டதைச் சிறுவயதிலேயே கண்டவர். 1947இல் எல்லை கடந்து பாகிஸ்தான் சென்ற அகதிகளுள் ஒருவர். லாகூரிலும் பின்னர் பிரின்ஸ்டனிலும் பயின்று, அல்ஜீரிய விடுதலைப் போரின் காலத்தில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்து, வியட்நாம் போரை அமெரிக்க மண்ணிலேயே நின்று எதிர்த்தார். ஹென்றி கிஸ்ஸிங்கரைக் கடத்தச் சதி செய்ததாக 1971இல் கிறித்தவப் பாதிரியார்கள் சிலருடன் அவரும் குற்றஞ்சாட்டப்பட்டார். சதிக்குற்றம் நிறுவப்படாமலேயே 1972இல் அவ்வழக்கு முடிந்தது. ஹாம்ப்ஷயர் கல்லூரியில் 1997 வரை பேராசிரியராகப் பணியாற்றினார். எட்வர்ட் சயீத் தமது ‘பண்பாடும் ஏகாதிபத்தியமும்’ நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

இவற்றினும் முக்கியமான செய்தியொன்று உண்டு. 1971இல் பாகிஸ்தான் இராணுவம் கிழக்கு வங்கத்தில் நிகழ்த்திய கொடுமைகளைப் பாகிஸ்தானியராக இருந்தே பகிரங்கமாகக் கண்டித்தவர் அவர். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துக் கொண்டாடியபோது இரு நாடுகளையுமே சாடினார். தன் தரப்பின் குற்றத்தைச் சொல்லத் தயங்காதவர் என்பதால்தான் ‘அவர்களுடையதும் நம்முடையதும்’ என்று தலைப்பிட அவருக்கு உரிமை இருந்தது.

உரையின் கட்டுமானம்

உரை வரலாற்றிலிருந்து தொடங்குகிறது. 1930களிலும் 1940களிலும் பாலஸ்தீனத்தின் யூதத் தலைமறைவு இயக்கங்கள் பயங்கரவாதிகள் எனப்பட்டன. பிற்காலப் பிரதமர் மெனாகெம் பெகினின் தலைக்குப் பிரிட்டிஷார் விலை வைத்திருந்தனர். அவரது இர்குன் இயக்கம் 1946 ஜூலை 22 அன்று ஜெரூசலத்தின் கிங் டேவிட் விடுதியைத் தகர்த்ததில் 91 பேர் மாண்டனர். 1978இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பின்னர் அதே பட்டம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்திற்கு மாறியது. நேற்றைய பயங்கரவாதி இன்றைய வீரர். நேற்றைய வீரர் இன்றைய பயங்கரவாதி. சொல்லின் பொருள் செயலைச் சாராமல் பட்டம் சூட்டுபவரின் தேவையைச் சார்ந்து நிற்கிறது என்பதே உரையின் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் வரையறையைப் பற்றியது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் ஷுல்ஸ் 1984இல் நியூயார்க் யூத ஆலயமொன்றில் ஆற்றிய நீண்ட உரையில் பயங்கரவாதத்திற்கு ஒரு வரையறைகூட இல்லை என்பதை இக்பால் அஹ்மத் எடுத்துக்காட்டுகிறார். வரையறுத்தால் ஒரே அளவுகோலை எல்லோர்க்கும் வைக்க வேண்டிவரும். அதனாலேயே அதிகாரம் வரையறையைத் தவிர்க்கிறது என்கிறார். தாம் ஒரு சாதாரண அகராதியைப் புரட்டி, ஆள்வதற்காகவோ ஆட்சியை எதிர்ப்பதற்காகவோ அச்சமூட்டும் வழிகளைக் கையாளுதல் என்ற பொருளை எடுத்துக்கொள்கிறார். இவ்வரையறை நோக்கத்தைக் கேட்பதில்லை, வழிமுறையை மட்டுமே கேட்கிறது. அரசுக்கும் குழுவுக்கும் ஒன்றாகப் பொருந்துகிறது.

பின்னர் அவர் பயங்கரவாதத்தை ஐந்தாக வகுக்கிறார்: அரசினது, மதத்தினது, குற்றக் கும்பல்களினது, மனநோயினது, அரசு சாரா அரசியல் குழுக்களினது. உயிரிழப்பில் மிகுதி முதலாவது. உலகம் உற்றுநோக்குவதோ கடைசியானதை மட்டும். இறுதியாக வாஷிங்டனுக்கு அவர் கூறும் அறிவுரைகள் வருகின்றன: இரட்டை நிலைப்பாட்டைக் கைவிடுக; நேச நாடுகளின் பயங்கரத்தை மன்னிக்காதீர்; மறைமுகப் போர்களை நிறுத்துக; காரணங்களைக் கவனித்து அரசியல் தீர்வு தேடுக; சர்வதேசச் சட்டத்தை வலுப்படுத்துக. நைரோபி, தாருஸ்ஸலாம் தூதரகங்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று தாக்கப்பட்டு, ஆகஸ்ட் 20 அன்று ஆப்கானிஸ்தான் மீதும் சூடான் மீதும் அமெரிக்க ஏவுகணைகள் வீழ்ந்து, இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத வேளையில் அமெரிக்க மாணவர் முன் இவ்வாறு பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

வாய்மொழியின் வழுக்கள்

உரையின் பெருமையை ஏற்றுக்கொண்டே அதன் வழுக்களையும் காண வேண்டும். 1985இல் அதிபர் ரீகன் தாடி வைத்த ஆப்கன் முஜாஹிதீன்களை வெள்ளை மாளிகையில் வரவேற்று, அவர்களை அமெரிக்காவின் ஸ்தாபகத் தந்தையருக்கு ஒழுக்க அளவில் இணையானவர்கள் என்று புகழ்ந்ததாக இக்பால் அஹ்மத் சொல்கிறார். நம் மேடைகளிலும் ஏடுகளிலும் மிகுதியாக எடுத்தாளப்படும் செய்திகளுள் இது ஒன்று. ஆப்கன் போராளிகளை ரீகன் வரவேற்றது உண்மை. 1983 பிப்ரவரியிலேயே அத்தகைய சந்திப்பொன்று நிகழ்ந்தது. ஆனால் ஸ்தாபகத் தந்தையர் ஒப்பீட்டை 1985 மார்ச் மாதத்தில் அவர் சொன்னது நிகரகுவாவின் கான்ட்ரா படையினரைக் குறித்தாகும். இரு வேறு நிகழ்வுகள் உரையாளரின் நினைவில் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

இதனால் அவருடைய வாதம் வீழ்ந்துவிடுவதில்லை. ஒரு வகையில் வலுப்பெறவே செய்கிறது. நிகரகுவாவில் கான்ட்ராக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்தமைக்காக 1986 ஜூன் 27 அன்று சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சரியான செய்தியைச் சொல்லியிருந்தால் இக்பால் அஹ்மதுக்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பே துணை நின்றிருக்கும். நமக்கு உவப்பான பிழையைச் சரிபாராமல் பரப்புவதால், நம் கையில் இருந்த வலுவான சான்றை நாமே இழக்கிறோம்.

அடுத்தது ஜிஹாத் பற்றியது. பன்னாடு தழுவிய வன்முறை நிகழ்வாக ஜிஹாத் கடந்த நானூறு ஆண்டுகளில் நடைமுறையில் மறைந்துவிட்டதென்றும், 1980களில் அமெரிக்க உதவியுடன்தான் அது திடீரென உயிர்ப்பிக்கப்பட்டதென்றும் உரை கூறுகிறது. பின்பாதி பெரிதும் உண்மை. முன்பாதி வரலாற்றோடு பொருந்தவில்லை. 1804இல் மேற்கு ஆப்பிரிக்காவில் உஸ்மான் தன் ஃபோதியோ, 1831இல் பாலாகோட்டில் வீழ்ந்த சையித் அஹ்மத் பரேல்வி, 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்த அமீர் அப்துல் காதிர், காகசஸ் மலைகளில் இமாம் ஷாமில், 1880களில் சூடானின் மஹ்தி, 1914 நவம்பரில் உஸ்மானியப் பேரரசு விடுத்த ஜிஹாத் அறைகூவல் ஆகிய அனைத்தும் அந்த நானூறு ஆண்டுகளுக்குள் அடங்குபவை. அதற்குச் சற்று முன்னர், பதினாறாம் நூற்றாண்டின் மலபாரில் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் போர்த்துக்கீசியருக்கு எதிராகத் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ இயற்றினார்; குஞ்ஞாலி மரைக்காயர்கள் கடலில் போரிட்டனர். ‘பன்னாடு தழுவிய’ என்ற அடைமொழியைக் கொண்டு உரையாளரை ஓரளவு காக்கலாம். ஆயினும் மேற்கத்திய அவையினரின் அச்சத்தைத் தணிக்கும் அவசரத்தில், காலனியாட்சிக்கு எதிரான முஸ்லிம் போராட்டங்களின் ஒரு நீண்ட மரபே மறைக்கப்பட்டுவிடுகிறது. அப்துல் காதிர் பிரெஞ்சுக் கைதிகளை மனிதநேயத்துடன் நடத்தியவர். 1860இல் திமிஷ்க் கலவரத்தின்போது ஆயிரக்கணக்கான கிறித்தவர்களுக்கு அடைக்கலம் தந்தவர். ஜிஹாத் என்ற சொல்லைக் காக்க இதைவிடச் சிறந்த சான்று எங்கே கிட்டும்?

மூன்றாவது வழு அல்ஜீரியா. சீன, வியட்நாமிய, அல்ஜீரிய, கியூபப் புரட்சியாளர்கள் பயங்கரத்தைக் கையாண்டபோதும் அது தேர்ந்தெடுத்த இலக்குகளோடு நின்ற, கட்டுப்பாடான வன்முறை என்கிறார். கண்டிக்கத்தக்கதே என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆனால் 1956 செப்டம்பர் 30 அன்று அல்ஜியர்ஸ் நகரின் மில்க் பார் சிற்றுண்டிச் சாலையில் வெடித்த குண்டு யாரைத் தேர்ந்தெடுத்தது? அங்கிருந்தோர் படைவீரர் அல்லர். அல்ஜீரியாவை நேசித்தவர் அவர். நேசத்தின் முன்னே அவரது அளவுகோலும் சற்றே வளைந்துவிடுகிறது.

பாக் நீரிணையின் கரையிலிருந்து

இந்த உரையைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையிலிருந்து வாசிப்பது தனி அனுபவம். இம்மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கடல் எல்லை வகுத்துக்கொண்டன. கச்சத்தீவு கோட்டிற்கு அப்பால் போயிற்று. ‘சர்வதேசப் பாதுகாப்பு’ என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவது, கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட விசைப்படகாகவும் அயல்நாட்டுச் சிறையிலிருக்கும் மீனவராகவும் பொருள்படுகிறது. முப்பதாண்டு ஈழப்போர் நடந்தது இக்கரைக்கு எதிர்க்கரையில்தான். ஆகவே இக்பால் அஹ்மதின் கருத்தாக்கங்களை உரைத்துப் பார்க்க நமக்கு அருகிலேயே உரைகல் உண்டு.

மறைமுகப் போர்கள் குறித்த அவரது எச்சரிக்கை இந்த உரைகல்லில் பொன்னாகவே ஒளிர்கிறது. 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இந்திய உளவமைப்பு ஈழத்தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தது. 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கை சென்று, அதே குழுக்களுள் ஒன்றான விடுதலைப் புலிகளுடன் போரிட்டு, 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992இல் அவ்வியக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆப்கானிஸ்தானை நோக்கி வாஷிங்டன் நடந்த பாதையும் யாழ்ப்பாணத்தை நோக்கிப் புதுதில்லி நடந்த பாதையும் ஒன்றேபோல் வளைந்து திரும்பின. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது நம் முதுமொழி.

ஆயின் ஐந்து வகைப்பாடு இங்கே தடுமாறுகிறது. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே இதைச் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் அவ்வியக்கம் வெளியேற்றியது. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் வெறும் இரண்டு மணி நேரம். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். இது ‘அரசு சாரா அரசியல் குழுவின்’ பயங்கரமா? நிலப்பரப்பை ஆண்டு, வரி விதித்து, ஒரு மக்கள்திரளையே நாடு கடத்திய அமைப்பை அரசு சாராதது என்பது எப்படி? பலியானோர் தம் மார்க்கத்தாலேயே இனங்காணப்பட்டதால் இதை மதவகையில் சேர்ப்பதா? கொன்றவர்கள் பேசியதும் தமிழ், மடிந்தவர்கள் பேசியதும் தமிழ்.

மறுபுறம், 2009 மே மாதம் முடிவுற்ற இறுதிப்போரில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதற்கு நம்பகமான தரவுகள் உண்டென ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. அரசின் பயங்கரமே உயிரிழப்பில் மிகுதி என்ற இக்பால் அஹ்மதின் கூற்றை இது மெய்ப்பிக்கிறது. அதைச் சொல்லும் நாம், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கும்பலின் தலைவன் அதே காத்தான்குடியில் பிறந்தவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பின் இலங்கை முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டதையும், 2020இல் தொடங்கி 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வலிந்து எரிக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உரை நிகழ்ந்த அதே 1998இல், பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன; அதற்கு முன் 1997 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் அந்நகரில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தனர். இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விழுங்குபவர், எத்தரப்பினராயினும், ஷுல்ஸின் வழியில் நடப்பவரே.

ஃபிக்ஹின் மௌனமும் உரையின் மௌனமும்

உரையின் ஆகப்பெரிய குறை, அது தன் சொந்த மரபின் கருவூலத்தைத் திறக்காமல் விட்டதே என்பது என் துணிபு. இக்பால் அஹ்மத் சமயச்சார்பற்ற சிந்தனையாளர். அகராதியிலிருந்து வரையறை தேடியது அவர் இயல்பு. ஆனால் அவர் தேடிய அளவுகோலை இஸ்லாமியச் சட்டவியல் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுக்க முற்பட்டது. இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் அஷ்ஷைபானி, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே ‘ஸியர்’ என்ற தனித்துறையாகப் போர், சமாதானம், உடன்படிக்கை ஆகியவற்றின் சட்டங்களைத் தொகுத்தார்.

ஃபுகஹாக்கள் இரு கருத்தாக்கங்களைப் பிரித்தறிந்தனர். ஒன்று ஹிராபா, அல்மாயிதா அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தை அடியொற்றி, தற்காத்துக்கொள்ள இயலாத மக்களை அச்சுறுத்திக் கொல்வதும் கொள்ளையிடுவதும் அதில் அடங்கும். மற்றொன்று பக்யு; அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தை அடியொற்றி, ஏற்கத்தகும் காரணத்துடனும் போதிய பலத்துடனும் ஆட்சியை எதிர்த்து எழுவோரைப் பற்றியது. பின்னவர்கள் கொள்ளையர் அல்லர். புறமுதுகிட்டோரைத் துரத்தக்கூடாது, காயமுற்றோரைக் கொல்லக்கூடாது, அவர்தம் உடைமைகளைப் போர்ப்பொருளாகக் கொள்ளக்கூடாது என்பன, ஜமல் போரில் கலீஃபா அலீ (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறையிலிருந்து பெறப்பட்ட விதிகள். கவாரிஜ்கள் தம்மைக் காஃபிர் என்று தூற்றியபோதும், அவர்கள் குற்றமற்றோரின் குருதியைச் சிந்தும்வரை அவர்மீது அன்னார் வாளெடுக்கவில்லை. காலித் அபுல் ஃபழ்ல் 2001இல் வெளியிட்ட ‘இஸ்லாமியச் சட்டத்தில் கிளர்ச்சியும் வன்முறையும்’ என்ற ஆய்வு இவற்றை விரிவாக ஆராய்கிறது.

இப்பாகுபாட்டின் நுட்பம் யாதெனில், காரணம் வேறு, வழிமுறை வேறு என்று அது பிரிப்பதாகும். எழுச்சிக்குக் காரணம் நியாயமானதாயின் கிளர்ச்சியாளர் கொள்ளையரெனக் கருதப்படுவதில்லை. அதே வேளையில் அந்த நியாயம் பெண்களையும் குழந்தைகளையும் கொல்ல உரிமை தருவதில்லை. போர்க்களத்தில் கொலையுண்டு கிடந்த பெண்ணொருத்தியைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களையும் சிறாரையும் கொல்வதைத் தடுத்தமை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அகராதி வரையறை வழிமுறையை மட்டுமே கேட்டு, ஒடுக்கப்பட்டோரின் காரணத்தைப் பின்னால் வேறொரு வாதமாகச் சேர்க்கிறது. ஃபிக்ஹு இரண்டையும் ஒரே நீதியின் இரு கேள்விகளாகக் கேட்கிறது. மில்க் பாருக்கும் காத்தான்குடிக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஈஸ்டர் ஞாயிறுக்கும் அதே இரு கேள்விகள் பொருந்தும்.

இதைக் கூறும்போது, ஃபிக்ஹின் போதாமையையும் மறைக்கலாகாது. ஆட்சியாளர்கள் தம் எதிரிகளை முஹாரிபுகள் எனப் பட்டம் சூட்டி அழித்த வரலாறு முஸ்லிம் நாடுகளிலும் நிரம்ப உண்டு. வரையறை இருப்பது மட்டும் நீதிக்குப் போதுமானதன்று; அதை ஆள்வோருக்கு எதிராகவும் கூறத் துணியும் அறிஞரும் வேண்டும்.

நம் மேடைகளுக்கு

மதரஸாக்களிலும் கல்லூரிகளிலும் ‘இஸ்லாமும் பயங்கரவாதமும்’ என்ற தலைப்பில் கருத்தரங்குகள் குறைவின்றி நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரு முனைகளுக்குள் சிக்கியவை: ஒன்று, இஸ்லாம் அமைதி மார்க்கம் என்ற மன்றாட்டு, மற்றொன்று, அமெரிக்காவே முதற் பயங்கரவாதி என்ற குற்றச்சாட்டு. முதலாவது நம்மை நிரந்தரக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது உண்மையேயாயினும் நம் கேள்விகளை அங்கேயே முடித்துவிடுகிறது. இக்பால் அஹ்மதின் உரை இவ்விரண்டையும் கடந்து செல்ல முயன்றது என்பதே அதன் நிலைத்த மதிப்பு. அது நல்ல தமிழில், வழுக்களைச் சுட்டும் குறிப்புகளுடன், ஸியர் நூல்களின் பகுதிகளோடு அருகருகே வைத்து நம் மாணவர்களுக்குப் பயிற்றப்பட வேண்டும். அப்போது மாணவர் ஒரு பெரியவரின் முடிவுகளை மனனம் செய்யாமல், அவரிடமிருந்தே கேள்வி கேட்கக் கற்பர். பாக் நீரிணையின் கதையை அந்தப் பாடத்தில் சேர்ப்பது இக்கரையில் வாழ்வோரின் கடமை. கொலராடோவில் அதைச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. அல்மாயிதாவின் 8ஆம் வசனமோ, ஒரு சமூகத்தின்மீது கொண்ட பகை நம்மை அநீதிக்குத் தூண்டிவிடக்கூடாது என எச்சரிக்கிறது. உறவின்பால் வளைதல், பகையின்பால் வளைதல் ஆகிய இரண்டையும் விலக்கும் இவ்விரு வசனங்களும் பயங்கரவாதம் பற்றிய எந்த உரைக்கும் முதல் நிபந்தனையாகும். இக்பால் அஹ்மதின் உரை அந்நிபந்தனையைப் பெரும்பகுதி நிறைவேற்றியது. எஞ்சிய பகுதி, அவ்வுரையை எடுத்தாளும் நம் பொறுப்பில் உள்ளது.